கோல் விழாத ஆறு வெள்ளிக்கிழமைகள்

பாய்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மொட்டை மாடிக்குப் போனேன். நேற்று உலர்த்திய துணிகளை எடுக்க மறந்துபோயிருந்தேன். பனியில் நனைந்து எல்லாம் கனத்துத் தொங்கின. கொடியிலிருந்து முதல் புடவையை உருவும்போதே அந்த வாசனை வந்துவிட்டது. கீழே மைதானத்தில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. ஆட்டத்தின்போது மணல் பறக்காமல் இருக்க வெள்ளிக்கிழமை காலைகளில் தெளிப்பார்களே, அந்த ஈர மணல் வாசனை. மழை பெய்த மாதிரி இருக்கும், ஆனால் மழையல்ல. கொஞ்சம் உப்பும் கொஞ்சம் டீசலும் கலந்திருக்கும்.

நான்கு வருடங்களாக இந்த வாசனை வந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிடுவேன். இன்று இறங்கவில்லை. ஈரப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரோரம் நின்று, இந்தக் கோல் கம்பத்திலிருந்து அந்தக் கோல் கம்பம் வரை மைதானம் முழுவதையும் பார்த்தேன்.

ஏன் பார்க்க முடிந்தது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும். கேட்க நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்களிடமிருந்து கால்பந்தைப் பறித்தவள் நான்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதனால்தான் நீங்கள் துபாயையும் விட்டுப் போனீர்கள் என்று நினைத்தேன். போன வருடம் ஊரில் நீங்கள் இறந்துவிட்ட செய்தி வந்தபோது, அதையும் என் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன். என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

நாங்கள் துபாயில் இந்தச் சத்வாவுக்கு வந்தபோது கீழ்த்தளத்தில் உங்கள் கடை ஏற்கெனவே இருந்தது. அரிசி, பருப்பு, தேங்காயெண்ணெய், ஊருக்கு அனுப்பும் ஏர்மெயில் தாள். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் காயல்பட்டினத்துப் பிள்ளைகள் எட்டு ஒன்பது பேர் தங்கியிருந்தார்கள். எல்லோரும் நீங்கள் வேலை பார்த்துக் கொடுத்து வரவழைத்தவர்கள். பக்கத்துச் சந்துகளில் இருந்த உங்கள் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்தால் ஓர் அணி. அவர்களுக்கு நீங்கள் காக்கா, உங்கள் ஊர் வழக்கில் அண்ணன். எனக்கு பாய். உங்களுக்கு நான் டீச்சர். அப்போது எனக்கு நாற்பது ஆகவில்லை, நீங்கள் என்னைவிட நாலைந்து வயது பெரியவர். அந்த வயதிலும் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுததும் மைதானத்தின் நடுவில் போய் நிற்பீர்கள்.

நான் மாடியிலிருந்து பார்ப்பேன். எனக்கு அது புதிதல்ல. பொன்மலை ரயில்வே மைதானத்தில் கோட்டோரம் கொடி பிடித்தவர் என் அப்பா. "பந்தைப் பாக்காதே, பந்து இல்லாதவனைப் பாரு" என்பார். திருச்சியில் கல்லூரிக்குப் போய் கணிதம் படித்த பிறகும், ஆட்டம் பார்க்கும் கண் அப்பா கொடுத்ததாகவே இருந்தது.

எழுபத்து நாலாம் வருடக் குளிர்காலம் அது. வரிசையாக நாலு வெள்ளிக்கிழமை தோற்றீர்கள். தோற்றதுகூடப் பெரிதில்லை, ஒரு கோல் விழவில்லை. முன்வரிசையில் ஐந்து பேர் நிற்கிறார்கள், நன்றாக ஓடுகிறார்கள், ஆனால் பந்து அவர்கள் கால்வரை போய்ச் சேரவே இல்லை. அரிசி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கும் சாக்கில் நீங்களே படியேறி வந்து கேட்டீர்கள்.

"டீச்சர், வாராவாரம் மேலேருந்து பாக்குறீங்க. நம்ம பயலுவ ஏன் கோல் அடிக்க மாட்டேங்கிறானுவ? சொல்லுங்க பாப்போம்."

"ஜும்மா முடிஞ்சு வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுட்டு ஓடினா எப்படி பாய் விழும்?"

"அட, சூடான்காரன் ஒரு முழு ஆட்ட தின்னுட்டு வந்து ஓடுறான் டீச்சர்!"

உள்ளேயிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். "இவகிட்டயா கேட்டீங்க? கிராஃப் வரைஞ்சு குடுத்துடுவா பாய், ஜாக்கிரதை."

அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் நிஜமாகவே செய்தேன். பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்து. பந்து ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால் ஓர் அம்புக்குறி. அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்தபோது தாள் எறும்புப் புற்று மாதிரி இருந்தது. ஐந்தாவது தோல்வி.

முதலில் நான் கண்டுபிடித்தது தப்பு. இடது ஓரத்தில் ஆடிய மொய்தீனின் எழுத்துக்கு அம்பே போகவில்லை. அவன் ஓடுவதில்லை, நின்று தூங்குகிறான் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் அவனைக் கடையில் வைத்துத் திட்டியது மாடிவரை கேட்டது. மறுநாள் எண்ணெய் டின்னோடு அவன் வந்து நின்றான்.

"டீச்சர், வராத பஸ்ஸுக்கு எவனாச்சும் ஓடுவானா? பந்து வந்தாத்தானே ஓடுவேன்."

"வரலைன்னா கூப்பிட வேண்டியதுதானே? கையைத் தூக்கிக் கத்தறதுக்கென்ன?"

"யார? காக்காவயா?" என்றான். ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, டின்னை வைத்துவிட்டு இறங்கிப் போனான். எனக்கு அப்போது புரியவில்லை.

புரிந்தது ஆறாவது வெள்ளிக்கிழமை. அன்றும் பூஜ்யம். மஃரிப் தொழுகைக்குப் பிறகு துவரம்பருப்பு வாங்கக் கீழே வந்தேன். பின்னறைக் கதவு திறந்திருந்தது. விரிப்பில் மூன்று சஹன்கள், அந்தப் பெரிய தட்டுகள் நிறையச் சோறும் கறியும். தட்டுக்கு மூன்று பேராக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தட்டில் மட்டும் ஓர் இடம் காலி. நீங்கள் வாசலில் யாரோ லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். பேச்சு முடிகிற வழியாக இல்லை. சோற்றிலிருந்து எழுந்த ஆவி மெலிந்து நின்றே போனது. மாலை முழுக்க மணலில் ஓடிய பிள்ளைகள். பசி முகத்தில் தெரிந்தது. ஒரு கைகூடத் தட்டுக்குப் போகவில்லை. யாரும் உங்களைக் கூப்பிடவும் இல்லை.

நீங்கள் திரும்பிப் பார்த்து, "இன்னுமா திங்கல? ஆறிப்போச்சேடா, பைத்தியக்காரப் பயலுவளா" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து பிஸ்மி சொல்லிக் கை வைத்தீர்கள். அடுத்த நொடி எல்லாக் கைகளும் ஒன்றாக இறங்கின.

பருப்பை வாங்கிக்கொண்டு ஏறியவள் பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

வீட்டுக்குள் போய்த் தாள்களை எடுத்துப் பரப்பினேன். பின்வரிசையிலிருந்து கிளம்பிய ஒவ்வொரு அம்பும் நடுவில் இருந்த ஒரே எழுத்துக்கு வந்தது. அது உங்கள் எழுத்து. மொய்தீன் ஆளில்லாத இடத்தில் தனியாக நின்றபோதும் உங்களுக்குத்தான். உங்களைச் சுற்றி மூன்று பேர் நின்றபோதும் உங்களுக்குத்தான். உங்கள் முழங்காலோ பந்தை நிறுத்தி உடம்பைத் திருப்பவே நேரம் கேட்கிறது. முன்வரிசைப் பிள்ளைகள் கொஞ்ச தூரம் ஓடி, சட்டென்று நின்று, திரும்பி உங்களைப் பார்க்கிறார்கள். ஆறு வாரமாக எல்லா அணிகளும் கண்டுபிடித்துவிட்ட விஷயம் இது. உங்களைச் சூழ்ந்துகொண்டால் போதும், ஆட்டம் முடிந்தது. நீங்கள் கை வைக்காத சோற்றைத் தொடாதவர்கள், நீங்கள் தொடாத பந்தை எப்படி முன்னே அனுப்புவார்கள்? அண்ணனைப் பார்த்து "இங்கே போடு" என்று எப்படிக் கத்துவார்கள்?

இதை மென்மையாகச் சொல்ல எத்தனையோ வாக்கியங்களை யோசித்து வைத்திருந்தேன். மறுநாள் படிக்கட்டில் உங்களைப் பார்த்ததும் வாயில் வந்தது வேறு.

"பாய், உங்களாலதான் பந்து முன்னால போகலை."

"என்னாலயா?"

தாளைக் காட்டினேன். விரல் வைத்து அம்புகளைக் காட்டினேன். "உங்களைத் தாண்டி ஒருத்தனும் அடிக்க மாட்டான் பாய். நீங்க நடுவுல நிக்கிறவரைக்கும் அவங்க பதினோரு பேர் இல்லை. ஒரே ஆள்."

நீங்கள் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தீர்கள். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். "சரி டீச்சர்" என்றீர்கள். கடையில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டீர்கள். நான் படிகளில் ஏறி ஓடினேன் என்றே சொல்ல வேண்டும்.

என் கணவரிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். "உனக்கு எதுக்கு இந்த வேலை? மனுஷன் வாரம் முழுக்க மூட்டை தூக்கறார். அந்த ஒரு சாயங்காலம்தான் அவருக்குன்னு இருக்கு. அதையும் மூஞ்சிக்கு நேரா சொல்லிப் பிடுங்கணுமா?"

ஏழாவது வெள்ளிக்கிழமை நீங்கள் கோட்டுக்கு வெளியே நின்றீர்கள். முழங்காலில் துணி இல்லை, தோளில் துண்டு மட்டும். முதல் இருபது நிமிடம் பார்க்கச் சகிக்கவில்லை. பந்து நடுவுக்கு வந்து, அங்கே யாருமில்லாமல் அநாதையாக உருண்டது. அப்புறம் மொய்தீனின் குரல் எழுந்தது. சத்வா முழுக்கக் கேட்டிருக்கும்.

"டேய் செய்யது! குருட்டுப் பயலே! இங்கடா! இங்க போடுடா!"

ஒரு வயதுக்காரனை ஒரு வயதுக்காரன் திட்டும் குரல். அதுவரை அந்த அணியில் நான் கேட்டிராத சத்தம். பந்து போனது. அதன் பிறகு எல்லோருமே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். வைதுகொண்டே ஆடினார்கள். ஆட்டம் முடியக் கொஞ்சம் இருக்கும்போது கோல் விழுந்தது. அன்றும் தோற்றீர்கள், மூன்றுக்கு ஒன்று. ஆனால் அந்த ஒன்றுக்காகப் பிள்ளைகள் பதினோரு பேரும் உங்களை நோக்கி ஓடிவந்தார்கள். நீங்கள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டீர்கள். உங்கள் தோள் குலுங்கியது மாடியிலிருந்து தெரிந்தது. அவர்கள் உங்களைச் சுற்றி நின்றார்கள். நீங்கள் முகத்தை எடுக்கவே இல்லை.

அதுவரைதான் பார்த்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன் பிறகு நீங்கள் படியேறி வரவில்லை. மூட்டை வரும், எண்ணெய் வரும், மொய்தீனோ செய்யதுவோ கொண்டுவருவார்கள். கடை வாசலில் நான் நின்றால் உங்களுக்குப் பின்னறையில் வேலை வந்துவிடும். கோடை விடுமுறைக்குத் திருச்சி போய்த் திரும்பினால், கல்லாவில் மொய்தீன் உட்கார்ந்திருக்கிறான். "காக்கா விசாவ கேன்சல் பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டாஹ டீச்சர்" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. தெரிந்த பதிலை எதற்குக் கேட்பது என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி. கண்ணில் படுவதைச் சொல்லக் கூடாது. பள்ளியில் புதிதாக வந்த ஆசிரியை ஒரு பாடத்தைத் தலைகீழாக நடத்துகிறாள் என்று தெரியும், சொல்லமாட்டேன். கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்பேன். ஊருக்கு எழுதும் கடிதங்களில் எல்லோரும் நலம் என்பேன். நல்ல பெண்மணி என்று பெயர் வாங்கினேன். ஆனால் எந்தப் பேச்சிலும் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டிருந்தேன்.

முந்தாநாள் மொய்தீன் லீவு முடிந்து வந்தான். இப்போது அவனுக்கும் கல்யாணமாகிவிட்டது, லேசாகத் தொப்பைகூட விழுந்திருக்கிறது. ஒரு தூக்கில் உங்கள் ஊர்ப் பலகாரமான தம்மடையும் ஒரு கேசட்டும் கொண்டுவந்து நீட்டினான்.

"காக்கா வூட்டுலேர்ந்து. மாமி ஒங்களுக்குன்னே பேசிக் குடுத்தாஹ. எங்க யாருக்கும் போட்டுக் காட்டல. பொம்பளைங்க பேச்சாம்."

நேற்று மதியம், என் கணவர் டூட்டியில் இருந்தபோது, டேப் ரெக்கார்டரைச் சமையல் மேடையில் வைத்துக் கேட்டேன். முதலில் கொஞ்ச நேரம் ஒரு கோழி கொக்கரித்தது. யாரையோ "அந்தக் கதவச் சாத்து" என்று அதட்டினார்கள். பிறகு உங்கள் மனைவி பேசினார்.

"டீச்சர், அஸ்ஸலாமு அலைக்கும். ஒங்கள நான் பாத்ததில்ல. ஆனா ஒங்களப் பத்தி எங்க வூட்டு மாப்பிள்ள, அதான் ஒங்க பாய், பேசாத நாள் கெடயாது. இவஹ வெளிய நின்னப்ப ஒரு கோல் வுழுந்துச்சாம்ல? அன்னைக்கு சிரிச்சாஹளாம், துண்டப் பொத்திக்கிட்டு. பயலுவ வந்து நிக்கிறானுவ, காக்கா அழுவுறாஹன்னு நெனச்சு அவனுவளும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டானுவளாம். அதப் பாத்து இன்னும் சிரிப்பு. அன்னைக்கே எனக்கு கேசட்டு பேசி அனுப்புனாஹ. 'நான் இல்லாம கோல் வுழும்னா, நான் இல்லாம கடையும் ஓடும்ல. நான் வந்துர்றேன்'னு. கல்யாணம் முடிச்சு பத்தொம்பது வருசம் டீச்சர். லீவுல வந்த நாளெல்லாம் சேத்தாலும் கைவெரலு போதும். பொறவு மூணு வருசம் முழுசா எங்கூட இருந்தாஹ. சண்ட போட்டோம், கடக்கரைக்குப் போனோம், இவஹ மீனு வாங்கிட்டு வந்து நல்லால்லன்னு நான் வைஞ்சேன். கடைசியா என் கையாலதான் தண்ணி குடிச்சாஹ. அந்த மூணு வருசம் நீங்க குடுத்தது. ஒங்களுக்கு நான் துஆ செய்யாத தொழுக இல்ல. இதச் சொல்லணும்னுதான்."

அதன் பிறகு மறுபடியும் கோழி. கேசட் ஓடிக்கொண்டே இருந்தது.

அழுதேன், உண்மைதான். ஆனால் அது வருத்தத்தில் வந்த அழுகை இல்லை. காலில் தைத்த முள்ளை எடுத்துவிட்ட பிறகுதான் இத்தனை நாள் எவ்வளவு கோணலாக நடந்தோம் என்று தெரியுமே, அப்படி இருந்தது. நீங்கள் சிரித்திருக்கிறீர்கள்! உங்கள் தோள் குலுங்கியதை நான் எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன். ஒரு முறைகூட அது சிரிப்பாக இருக்கலாம் என்று தோன்றியதில்லை.

சாயங்காலம் கடைக்குப் போய் மொய்தீனைப் பிடித்தேன். "அப்புறம் ஏன்டா பாய் என் மூஞ்சியில முழிக்கவே இல்லை?"

"கடை கைமாறுறவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுன்னாஹ டீச்சர். விசா குடுத்த கஃபீல் காதுக்குப் போனா வம்புல்ல? 'டீச்சர் கண்ணுல மட்டும் பட்டுரக் கூடாதுடா, மேலேர்ந்து ஒரு பார்வ பாத்துச்சுன்னா கண்டுபுடிச்சிரும்'னு ஓடி ஒளிவாஹ. போறப்ப ஒங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாஹ." கல்லாப் பெட்டியைச் சாத்தினான். "நான்தான் சொல்லல. ஆட்டம் பாக்க நீங்க மாடிப்பக்கமே வர்றதில்ல. எங்க மேல ஏதோ கோவம்னு நெனச்சிட்டேன்."

அவனைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. நான் கேட்டிருக்கலாமே. "ஏன் போனார்" என்று ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் உங்கள் சிரிப்பை உங்கள் கையெழுத்திலேயே படித்திருப்பேன். அந்த ஒரு குறை இருக்கிறது, அது இருக்கட்டும். மற்றபடி நேற்று படுத்ததும் தூங்கிவிட்டேன். பாங்கு சொன்ன பிறகுதான் விழிப்பு வந்தது. துணிகளை மறந்ததும் அதனால்தான்.

பாய், நான் சரியாகக் கணித்தேன் என்று பெருமைப்பட இதை எழுதவில்லை. அம்புக்குறி போட யாராலும் முடியும். "உங்களாலதான்" என்று ஒருத்தி சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்து, அடுத்த வாரமே கோட்டுக்கு வெளியே போய் நிற்பது பெரிய விஷயம். அதைச் செய்தது நீங்கள். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

இன்று வெள்ளிக்கிழமை, இங்கே வார விடுமுறை. ஆனாலும் என் கணவர் துறைமுகத்துக் கிடங்குக்குப் போயிருக்கிறார். மூன்று வருடமாக அவர் லீவு எடுக்கவில்லை. கோடையில் திருச்சிக்கு நான் தனியாகத்தான் போய் வருகிறேன். கேட்டால், "நான் போகலைன்னா அங்கே ஒரு லாரி நகராது" என்பார். சலிப்பாகத்தான் சொல்வார், ஆனால் அந்தச் சலிப்புக்குள் ஒரு சந்தோஷமும் இருக்கும். ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கக் கிடங்குக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே ஆறு பேர் கையில் சீட்டோடு வெயிலில் நின்றார்கள். எல்லாம் வேலை தெரிந்த ஆட்கள். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு கதவு திறக்காது. ஏன் என்று எனக்கு அன்றே தெரியும். அவர்கள் திறக்க மாட்டார்கள், இவரும் திறக்க விடமாட்டார். ரத்த அழுத்த மாத்திரை இரண்டாகிவிட்டது. அதையும் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மணிக்கு வருவார். சாப்பிட்டு முடிக்கட்டும். கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் சொல்லப் போகிறேன், அந்த லாரிகளை நிறுத்தி வைத்திருப்பது நீங்கள்தான் என்று. இந்தக் கோடையில் இரண்டு மாதம் என்னோடு ஊருக்கு வாருங்கள் என்று. கோபப்படுவார். உனக்கு எதுக்கு இந்த வேலை என்பார். மென்மையான வாக்கியம் எதையும் இந்த முறை யோசித்து வைக்கவில்லை. சொல்லிவிட்டு எழுந்து போய்விடவும் போவதில்லை. அவர் பேசுகிறவரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

சொல்லப் போகிறேன் என்பது உங்களைத் தவிர இன்னும் யாருக்கும் தெரியாது.